மூன்றாம் வாசலைக் கொளுத்தியவள்

கண்ணா,

திங்கட்கிழமை சாயங்காலம் நீ சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போன காகிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஃபேன் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறேன். மூன்று நாளாக அதற்குப் பக்கத்தில்தான் சாப்பிடுகிறேன், சாப்பிட்டேன் என்று பேர். போன் போட்டால் நீ எடுக்கவில்லை. உன் பெண்டாட்டி எடுத்து, அவர் குளிக்கிறார் அத்தை என்றாள். ஒரே நாளில் மூன்று தடவை குளிக்கிறவனா நீ? பேசித் தீர்க்க வேண்டியதை இப்படி உட்கார்ந்து எழுத வைத்துவிட்டாய். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாய். கையெழுத்து இருக்காது, இந்தக் கடிதம்தான் இருக்கும். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், கடைசி வரி வரைக்கும் படி.

உன் காகிதத்தில் இருப்பதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அப்போதாவது அது உன் காதில் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். போன மாதம் நம் வெல்டிங் ஷெட்டிலிருந்து போன வெந்நீர் டாங்க், வாங்கியவர்கள் ஆலையில் நாலாவது நாளே ஜாயின்ட் விட்டு ஒழுகியது. அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீர் ஓர் ஆள்மேல் கொட்டியிருக்கும். ஏன் இப்படி ஆனது என்று வியாழக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். டாங்கில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய சோதனையை டெஸ்டிங் சூப்பர்வைசர் கவிதா பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, அரை மணி என்று பொய்யாக எழுதிவிட்டாள், அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்பது உன் விளக்கம். ஷெட் இன்னும் என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டும். அவளாகவா முடித்தாள் என்று கேட்டேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய்: "லாரி நின்னுட்டிருந்துச்சும்மா. நான்தான் போதும், எழுதுன்னு சொன்னேன். அவ மட்டும், அரை மணி ஆகலை சார்னு முனகிக்கிட்டே நின்னா."

அதோடு நிறுத்தியிருந்தால்கூட உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு விட்டிருப்பேன். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே நீ இன்னொன்று சொன்னாய்: "விடும்மா. ஒரு வாசல்தானே. நீ சொல்லிக்குடுத்ததுதான்." நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீயே உன் கையெழுத்தில் அனுப்பிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனாய்.  நீ சொன்னது உண்மை. நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால்தான் இந்தப் பயம்.

உன் அப்பா போனபோது உனக்குப் பதினாறு வயது. துவாக்குடியில் ஒரு ஷெட், பதினோரு ஆட்கள், பாதியில் நிற்கிற இரண்டு டாங்க். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டி.சி. எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்து ஒரு நாள் முழுக்கக் கண்ணீர் விட்டவள். ஷெட்டை விற்றுவிடு என்று உன் பெரியப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார், கேட்காதவர்களும் சொன்னார்கள். எப்படி நடத்துவது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த வெளிநாட்டுத் தொடர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, தமிழில் பேச வைத்து டி.வி.யில் போட்டார்கள். மேகத்துக்கு மேலே ஒரு கோட்டை, அதற்கு ஏழு வாசல், இறக்கை முளைத்த ஓநாய்கள், ராஜா செத்துப்போய்த் தனியாக நிற்கிற ஒரு ராணி. உனக்கு ஓநாய் பிடித்தது. எனக்கு அந்த ராணியை விட்டால் நாதியில்லை. சபையில் இருக்கிற தளபதிகள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவள் சிரிக்கவே மாட்டாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன்.

நம் ஷெட்டில் வாசல் பக்கம் தொங்குகிற கரும்பலகை எப்படி வந்தது என்று நீ காலேஜ்களில் பேசப் போகிற இடத்தில் எல்லாம் சொல்கிறாய். அந்தக் கதை நிஜம்தான். முதல் திங்கட்கிழமை பதினோரு பேர் என் எதிரே நின்றார்கள், எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. சாக்பீஸை எடுத்து, முந்தின நாள் ராணி சொன்னதை எழுதினேன்: வீரர்கள் சாப்பிட்ட பிறகே ராணி சாப்பிடுவாள். அன்றைக்கு எல்லாரும் டிபன் பாக்ஸை மூடின பிறகுதான் என்னுடையதைத் திறந்தேன். நாலாவது வாரத்தில் அவர்களே, இந்த வாரம் ராணி என்னம்மா சொன்னா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாப் பாடமும் பலித்துவிடவில்லை. சபையில் ராணி முதலில் வாயைத் திறக்க மாட்டாள் என்று எழுதிய வாரம், இரும்புத் தகடு விற்கிறவர் வந்தார். நானும் பேசவில்லை, அவரும் எதற்கு வம்பு என்று பேசவில்லை, டீ வருகிற வரைக்கும் இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஷெட் நின்றது. ஒரு டி.வி. தொடரைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை தொழில் நடத்திவிட்டாள் என்று உன் பேச்சைக் கேட்டு எல்லாரும் கை தட்டுகிறார்கள். நீ மேடையில் சொல்லாத பாடம் ஒன்று இருக்கிறது. அதை இப்போது சொல்கிறேன்.

ஆரோக்கியசாமியை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு சைக்கிள் ஸ்டாண்ட் ஒட்டிக் கொடுத்தாரே, அவர்தான். நம்மிடம் இருந்ததிலேயே சுத்தமான கை. வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் பஞ்ச், எண்ணை இரும்பில் பதிக்கிற அச்சு, உண்டு, தான் போட்ட ஜாயின்ட் பக்கத்தில் அவரவர் நம்பரை அடித்துவிட வேண்டும், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் கை என்று தெரிவதற்காக. அவர் நம்பர் பதினொன்று. பதினொன்று இருந்தால் ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்க வருகிறவர்களே கொஞ்சம் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். அந்த ஐப்பசியில் விடாத மழை. மழைக்காலத்தில் வெல்டிங் ராடு ஈரத்தைக் குடித்துவிடும், ஓவனில் வைத்து இரண்டு மணி நேரம் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாயின்ட் உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். ராடு உள்ளே போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும், எடுங்கள் என்றேன். "அம்மா, ராடு இன்னும் காயலைங்க" என்று ஆரோக்கியசாமி சொன்னார். போட்டு முடிங்க, நான் பார்த்துக்கிறேன் என்றேன்.  அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு ஒட்டினார். பதினொன்று என்று அடித்தார்.

டாங்க் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஜாயின்ட் முழுக்க விரிசல். விளக்கம் எழுது என்றார்கள், உனக்கு இப்போது வந்திருப்பதைப் போலவே. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவளுக்குக் கடிதம் எழுதச் சொல்லியா தர வேண்டும்? வெல்டர் ஆரோக்கியசாமி தன் கவனக்குறைவால் காயாத ராடை எடுத்துப் பயன்படுத்திவிட்டார், அவரை நீக்கிவிட்டோம் என்று எழுதினேன். எழுதிவிட்டேனே தவிர அனுப்ப மனசு வரவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றாம் வாசல் கதை வந்தது.

அந்தக் கதையை நீயும் என்னோடு உட்கார்ந்து பார்த்தாய், ஆனாலும் நான் பார்த்ததை ஒரு தடவை கேள். ஏழு வாசலில் ஒவ்வொன்றும் ஒரு காவலனின் உயிரோடு மந்திரத்தால் கட்டப்பட்டது, வாசல் எரிந்தால் அவனும் சாம்பலாவான். ராணி ரகசியமாக வெளியே போய்விட்டு மூன்றாம் வாசலைத் தாழ் போட மறந்துவிடுகிறாள், ஓநாய்கள் நுழைந்துவிடுகின்றன. அவற்றைத் தடுக்க வாசலைக் கொளுத்தியாக வேண்டும். காவலன்தான் திறந்துவிட்டான் என்று ராணி சபையில் சொல்கிறாள். அந்த வயசான காவலர் அவளை ஒரு பார்வை பார்க்கிறார், வாயைத் திறக்கவில்லை. வாசல் எரிகிறது, கோட்டை தப்பிக்கிறது, ஜனங்கள் ராணி வாழ்க என்கிறார்கள். நீ முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் என்னிடம் கேட்டாய்: "அவர் திறக்கவே இல்லையேம்மா. ராணிதானே திறந்தா?" அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் பதினைந்து வருஷம் கழித்து இந்த மூன்று நாளாக நினைத்து நினைத்துக் குமைகிறேன். "ராணி விழுந்தா கோட்டையே விழுந்துரும்டா. தலைமைன்னா அதுதான்" என்றேன். நீ டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய். கண்ணா, நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. கைப்பையில் இருந்த கடிதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அதை அனுப்பிவிட்டு, நகலை ஆரோக்கியசாமியிடம் கொடுத்துவிட்டு, பலகையில் "கோட்டைக்காக ஒரு வாசல்" என்று எழுதினேன். ஆரோக்கியசாமி அதைப் படித்துவிட்டு, தன் நம்பர் பஞ்ச்சைத் துணியில் துடைத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். 

ஷெட் தப்பித்தது, அதனால் ராணி சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்கள் முன்னைவிட மரியாதையாக நடந்தார்கள். நான் சொன்னால் சரிங்கம்மா, நில்லுங்கள் என்றால் நின்றார்கள். எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? அது மரியாதை இல்லை என்று புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஆரோக்கியசாமி போன பிறகு அந்த ஷெட்டில் ஒருத்தர்கூட என்னிடம் ராடு காயலைங்க என்று சொன்னதில்லை. காயாத நாள் எத்தனையோ இருந்திருக்கும். பேசினால் என்ன ஆகும் என்று பலகையில் நானே எழுதிப் போட்டுவிட்டேனே, யார் சொல்வார்கள்? அந்தத் தொடரைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மூன்றாம் வாசல் எரிந்த பிறகு மிச்ச ஆறு காவலர்களில் ஒருவன்கூட ராணியிடம் ஒரு வார்த்தை பேசுகிற காட்சி வரவே இல்லை. தலையைக் குனிந்து வழி விடுவார்கள். அதைப் பார்த்து நாம் இரண்டு பேரும், எவ்வளவு கம்பீரம் என்று சொல்லிக்கொண்டோம்.

இன்றைக்குக் காலையில் எடமலைப்பட்டி புதூர் போயிருந்தேன். ஆரோக்கியசாமி அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ஜன்னல் கிரில் செய்கிறார். நம் கடிதத்துக்குப் பிறகு துவாக்குடியில் ஒரு ஷெட்டும் அவரைச் சேர்க்கவில்லை, இது எனக்கு அப்போதே தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கிரிலுக்கு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து நின்றார், அந்தப் பழைய பழக்கத்தில். அவர் மனைவி டீ கொண்டுவந்தாள், உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். அன்றைக்கு நான்தான் எடுக்கச் சொன்னேன், என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மனைவியைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வேணாங்கம்மா. ராடு காயலைன்னு நான் சொன்னேனா இல்லையான்னு இவகிட்ட சொல்லுங்க. நான் குடிச்சிட்டு வேலை பாத்தேன்னுதான் இவ இத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கா" என்றார்.

சொன்னார் என்றேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டீ டம்ளரை நான் குடிப்பதற்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. நீங்கள் அவளிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னேங்க. கம்பெனி லெட்டர்ல வேற மாதிரி எழுதியிருக்காங்களேன்னு கேட்டா. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதையும் அவர் சரிங்கம்மா என்று சொல்லியிருப்பார், பாவி நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்கு உன் மேஜைக் காகிதத்தின் ஞாபகம்தான். ஒரு குடும்பத்தில் புருஷன் பேச்சைவிட என் கடிதம் பெரிதாகப் போய்விட்டது. அதே மாதிரி இன்னொரு கடிதத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய்.

கவிதாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவெறும்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், அம்மாவும் அவளும்தான், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அந்தக் காகிதம் போனால் துவாக்குடியில் யார் அவளை எடுப்பார்கள்? பெண்பிள்ளையை டெஸ்டிங்கில் வைத்தால் இப்படித்தான் என்று வேறு பேசுவார்கள், அந்தப் பேச்சை எல்லாம் நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். அதையும்விட எனக்கு மனசு அடித்துக்கொள்வது வேறு. பதினைந்து வருஷம் கழித்து அந்த ஷெட்டில் ஒருத்தி முதலாளி முன்னால் நின்று, ஆகலை சார் என்று சொல்லியிருக்கிறாள். நீ முனகினாள் என்கிறாய். கண்ணா, அவள் பயந்துகொண்டே சொல்லியிருக்கிறாள், அதனால்தான் உனக்கு முனகல் மாதிரி கேட்டிருக்கிறது. அவளைக் கொளுத்திவிட்டால் உன் ஆயுசு முடிகிற வரைக்கும் உன்னிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த டாங்க் ஒழுகும்போது பக்கத்தில் ஆள் நிற்பான்.

இந்தத் திங்கட்கிழமை பலகையில் நீ என்ன எழுதினாய் என்று வாட்ச்மேன் போனில் படித்துக் காட்டினார். கோட்டைக்காக ஒரு வாசல். என் வரியை என் பலகையிலேயே எழுதியிருக்கிறாய். நீ நீக்குவதற்கு முன்னால் கவிதா வேலைக்கு வந்து அதைப் படித்திருக்கிறாள்.

நான் நேராக அந்த ஆலைக்காரர்களுக்கே எழுதிவிடலாம். என் மகன்தான் சோதனையை நிறுத்தச் சொன்னான் என்று ஒரு வரி போதும். எழுதத் தெரியாதவள் இல்லை நான். இரண்டு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தால் உன்னையும் ஒரு வாசலாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நீயே உன் கையால் எழுத வேண்டும். எழுதினால் இந்த ஆர்டர் போகும், அடுத்ததும் போகலாம், ஷெட்டையே மூட நேரலாம். எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், உன் அப்பா ஆரம்பித்தது அது. ஆனால் அன்றைக்கு நான் காப்பாற்றியது ஷெட்டைத்தான், உன்னை இல்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல்தான் இந்த வயதில் தவிக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். எட்டு மணிக்கு ஆட்கள் வரும்போது ஷெட்டில் இருப்பேன். உன் வரியை அழித்துவிட்டு, எல்லாரும் பார்க்க இதை எழுதப் போகிறேன்: பதினொன்றாம் நம்பர் வெல்டர் ஆரோக்கியசாமி ராடு காயவில்லை என்று சொன்னார், கேட்காமல் ஒட்டச் சொன்னது நான். அதன் கீழே என் கையெழுத்து இருக்கும். கவிதாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே நீ உன்னுடையதை எழுத இடம் விட்டிருப்பேன், பலகையில் நான் எழுதுவது பாதிக்கு மேல் வராது. ஒன்பதரைக்கு இங்கே வந்து இதைப் படித்து முடித்தால், ஸ்ரீரங்கம் பாலத்து நெரிசலைத் தாண்டி நீ அங்கே வர பத்தரை பதினொன்று ஆகும். அதுவரைக்கும் ஒருத்தரையும் வேலை தொடங்க விடாமல் நிற்க வைத்திருப்பேன். சாக்பீஸ் என் கையில்தான் இருக்கும். வந்துவிடு கண்ணா.

அம்மா